சக்கரம் உன்னைத் தேடுது

ஊர்க்காவலன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலையில் வாயாடிகள் நிலைப்பதில்லை. வெயில் ஏறுவதற்குள், தனியாகத் தள்ளிக் கட்டிய ஒரு சின்ன அறைக்குள் நின்று, மருந்தைச் சலித்துக் கலந்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அங்கே தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, வெட்டிப்பேச்சு கூடவே கூடாது. நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காக அப்படியே நின்று பழகியவருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் வாய் திறக்காமல் போய்விட்டது. "ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள உலையில அரிசி வெந்துரும்" என்று அவர் மனைவி வள்ளித்தாய் மகளிடம் கேலி பேசுவாள்.

அந்த மகள் பானுப்பிரியாவை வைகாசியில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே பிள்ளை. மாப்பிள்ளை சொந்தத்தில்தான், ஆனால் இருப்பு பூனாவில். எங்கள் பக்கத்து ஆட்கள் வடக்கே போய் முறுக்கும் சேவும் போட்டுப் பிழைப்பது ஒன்றும் புதிதில்லை. மாப்பிள்ளைக்கும் அங்கே சின்னதாக ஒரு முறுக்குக் கம்பெனி இருந்தது. பிள்ளையை ரயிலேற்றிவிட்டு ஆமத்தூருக்குத் திரும்பிய அன்று வள்ளித்தாய் வாய்விட்டு அழுது தீர்த்தாள். ஊர்க்காவலன் அழவில்லை. தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய்க் கால் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் மிச்சம் இருந்தது சக்கரம் என்கிற நாய். பானுப்பிரியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்த செவலைப் பெட்டைக்குட்டி. வந்த அன்று தன் வாலைத் தானே பிடிக்கப் பார்த்துத் தரைச்சக்கரம் மாதிரி சுற்றியதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்ன வயசில் பயந்தாங்கொள்ளி. கம்பெனிக்காரர்கள் சரக்கைச் சோதித்துப் பார்க்க எங்கோ ஒரு வெடியைப் போட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும். ஆனால் நாலைந்து வருஷமாக அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. தலைமாட்டில் சரவெடி வெடித்தாலும் காதைக்கூட ஆட்டாமல் தூங்கியது.

ஊர்க்காவலனுக்கு அதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. காரியாபட்டியிலிருந்து வந்த மைத்துனன் சங்கரபாண்டியன், போன தீபாவளிக்கு வெடிச் சத்தம் தாங்காமல் தன் நாய் ஊரைவிட்டே ஓடிப்போன கதையைச் சொன்னபோது இவர் வாய் திறந்தார். "அது காடுகரை பாக்குற சம்சாரி வீட்டு நாய்லே. இது பட்டாசு ஊரு நாய். கந்தக வாசத்துல வளந்தது. இதுக்குப் பயமே கிடையாது." அத்தான் ஒரே மூச்சில் அம்புட்டு வார்த்தை பேசியதை சங்கரபாண்டியன் காரியாபட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செல்போன் வீட்டுக்கு ஒன்றாக வந்திருந்த காலம் அது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே தடவிப் பார்த்து வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் போன் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் ஊர்க்காவலன் வீட்டுப் படி ஏறமாட்டார். உடம்பில் அலுமினியப் பொடி அப்பியிருக்கும். நேரே தொட்டியடிக்குப் போய்த் தேய்த்துக் குளிப்பார். சக்கரம் தொட்டியை ஒட்டி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் குளித்துத் துடைத்து முடிக்கவும் பூனாவிலிருந்து போன் வரும்.

"நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேம்ப்பா."

"மாப்பிள்ளை நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காகப்பா."

அத்தோடு அவரிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிடும். நெஞ்சுக்குள் ஒரு லாரி லோடு நிற்கும். தொண்டையைத் தாண்டி ஒரு மூட்டை இறங்காது. அந்த நேரத்தில்தான் நாய் கைகொடுத்தது. "இந்தா, சக்கரம் உன்னையத் தேடுது. அதுகிட்டப் பேசு" என்று போனைக் கொண்டுபோய் அதன் காதில் வைத்துவிடுவார்.

ஒருவரைப் பிரிந்து மனசு ஏங்கினால் அதை எங்கள் பக்கத்தில் 'தேடுது' என்றுதான் சொல்வோம். கைப்பிள்ளை அம்மாவைத் தேடும். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டைத் தேடுவாள். ஆனால் மீசை வைத்த ஒரு ஆம்பளை, என் மகளைத் தேடுகிறது என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் மீசையா உதிர்ந்துவிடும்? சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

போன் காதில் ஒட்டியதும் சக்கரத்தின் வால் ஆட ஆரம்பிக்கும். தொட்டிச் சுவரில் பட்டுத் தொப்புத் தொப்பென்று சத்தம் வரும். பூனாவில் பானுப்பிரியா, "ஏ சக்கரம்! ஏ பட்டு! சாப்பிட்டியாடி?" என்று கத்துவாள். அந்தக் குரல் நாயின் காதோரம் கசிந்து வரும். ஊர்க்காவலன் குனிந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அப்பா, வாலாட்டுதா?"

"ஆட்டுது, ஆட்டுது."

ஆடிக்குப் பிள்ளையை அழைத்துவர முடியவில்லை. தூரம் என்றார்கள். சரி, தலைதீபாவளி இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டார் ஊர்க்காவலன். ஆனால் முறுக்குக் கம்பெனிக்காரனுக்குத் தீபாவளிதான் அறுவடை. எப்போது கேட்டாலும், "வரப் பாக்கோம்ப்பா" என்றுதான் பானுப்பிரியா சொன்னாள். 'வாறோம்' என்று ஒருநாளும் சொல்லவில்லை. "சக்கரம் ரொம்பத் தேடுது தாயி" என்பார் இவர். அதைவிட அழுத்தமாகக் கூப்பிட அவருக்குத் தெரியவில்லை.

ஆவணியில் சக்கரத்தின் மடியில் நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி இருந்ததை வள்ளித்தாய் பார்த்தாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார்கள். கட்டி கேட்கவில்லை. எலுமிச்சை அளவாகி, அதையும் தாண்டி, ஒருநாள் உடைந்து நீர் வடிந்தது. அன்றைக்கே லோடு ஆட்டோ பிடித்து விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஜெப்ரின் இளவயசுக்காரர். தொட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், படத்தை விளக்குக்கு முன்னால் வைத்து அவர்களுக்கும் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் அங்கங்கே வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன.

"புத்துநோய்தான்யா. மடியில ஆரம்பிச்சு நுரையீரலுக்குப் போயிருச்சு. ரெண்டு வழிதான் இருக்கு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி மடியில உள்ள கட்டிய எடுக்கலாம். நெஞ்சுல இருக்கறத எடுக்க முடியாது. வெட்டுன காயம் ஆறுறதுக்கே இந்த வயசுல தெம்பு பத்துமான்னு தெரியல. கடிக்காம இருக்கக் கழுத்துல கூம்பு மாட்டணும், தினம் ஊசி போடணும், ட்ரிப்பு ஏத்தணும்."

"இன்னொரு வழி?" என்று வள்ளித்தாய் கேட்டாள்.

"வலி தெரியாம ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம்மா."

ஊர்க்காவலன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தீபாவளி வரைக்கும் தாங்குமா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணினா தாங்கலாம்யா. எப்படி இருந்து தாங்கும்னும் யோசிச்சுக்கோங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஆனால் அவர் ஆட்டோவில் ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வள்ளித்தாய் விடவில்லை.

"வாயில்லாச் சீவனப் போட்டு எதுக்கு அறுக்கணும்? அறுத்தாலும் பொழைக்காதுன்னு அவரே சொல்லுறாரு."

"பானு வரணும்ல."

"அவ வாரதே நிச்சயமில்ல. அவளுக்காக இத இழுத்துப் பிடிச்சு வைக்கப் போறீகளா?"

"நானா இழுத்துப் பிடிக்கேன்? அதுதான் பிடிச்சு வச்சிருக்கு. இம்புட்டு வலியிலயும் அவ குரலக் கேட்டா வாலாட்டுதுல்ல? அவளப் பாக்காமப் போகாது" என்றவர், "சக்கரத்துக்கு முடியலைன்னா அவளும் வருவா" என்றார்.

வள்ளித்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுசனிடம் என்ன பேசுவது? சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். நோய் விஷயத்தை மட்டும் அன்று சாயங்காலமே போனில் மகளிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் சக்கரம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியது. தூக்கத்தில் சரிந்தால் வலி தாங்காமல் விழித்துக்கொண்டு மறுபடி உட்காரும். கருவாட்டுத் துண்டை மூக்குக்கு முன்னால் வைத்தும் வாய் வைக்கவில்லை. ஊர்க்காவலன் எல்லாவற்றையும் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். சாயங்காலம் போனை மட்டும் தவறாமல் அதன் காதில் வைத்தார். வால் முன்னைப்போல் ஆடவில்லை; நுனி மட்டும் அசைந்தது. அவருக்கு அது போதும்.

மதுரைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி விருதுநகருக்குப் போனார்கள். மேசையில் சக்கரத்தை நிறுத்தி ஊர்க்காவலன் முகத்துக்கு நேரே நின்று பிடித்துக்கொண்டார். அப்போது உதவிக்கு இருந்த ஆரோக்கியம் அக்காவின் கை தவறி எவர்சில்வர் தட்டு பின்னால் தரையில் விழுந்தது. வள்ளித்தாய் துள்ளிவிட்டாள். கூண்டுக்குள் இருந்த பூனை சீறியது. சக்கரம் அசையவே இல்லை.

"பட்டாசு ஊரு நாய் டாக்டர். வெடிக்கே அசையாது" என்றார் ஊர்க்காவலன், அந்த நிலைமையிலும் பெருமை விடாமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாய்க்குப் பின்னால் போய் நின்று பட்டென்று கை தட்டினார். சாவிக்கொத்தை அதன் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். பிறகு தரையில் கிடந்த தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அடித்தார். சக்கரம் ஊர்க்காவலன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அய்யா, இதுக்குக் காது கேக்காது. ரொம்ப வருஷமாவே கேட்டிருக்காது போல."

"இல்ல டாக்டர்" என்றார் ஊர்க்காவலன் உடனே. "எம் மக குரலு கேக்கும். போன்ல அவ பேசுனா வாலாட்டும். வேணும்னா பாருங்க." வேட்டி மடியிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, பூனாவைப் பிடித்தார். "பானு, சக்கரம்கிட்டப் பேசு தாயி" என்று சொல்லி அதன் காதில் வைத்தார். வால் நுனி அசைந்தது.

"பாத்தீகளா?"

டாக்டர் கை நீட்டினார். "போன என்கிட்டக் குடுங்க. நீங்க கொஞ்சம் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

ஊர்க்காவலன் வெளியே போய்க் கதவு இடுக்கு வழியே பார்த்தார். டாக்டர் போனை நாயின் காதில் வைத்தார். "பட்டு! சக்கரம்! அம்மா பேசுறேன்டி!" என்று பானுப்பிரியாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. வால் தொங்கியபடியே இருந்தது. நாயின் கண் மட்டும், அவர் போன வாசலைப் பார்த்தபடி இருந்தது.

"இப்ப உள்ள வாங்கய்யா" என்றார் டாக்டர்.

மகள் குரல் இன்னும் வந்துகொண்டிருக்க, அவர் உள்ளே வந்தார். வால் அசைந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் முகமும் தெரியாது. மகள் குரல் காதில் விழுகிற நேரத்தில் தன் முகம் எப்படி மாறுகிறது என்று ஊர்க்காவலன் எந்தக் கண்ணாடியில் பார்த்தார்? அந்த வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரம் ஒன்றுதான். நாள் முழுக்க இறுகிக் கிடக்கிற முகம் போனைக் கையில் எடுத்தால் மலரும். அதைப் பார்த்து அது வாலாட்டியது. அது பானுப்பிரியாவுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவராகத்தான் பிடித்து வைத்திருந்தார்.

"அப்பா! என்னப்பா ஆச்சு? வாலாட்டுச்சா?" டாக்டர் கையிலிருந்த போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊர்க்காவலன் போனை வாங்கினார். ஆட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மதுரைக்கும் போய்விடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்துவிட்டது.

"அதுக்குக் காது கேக்காதாம் தாயி. நீ பேசுனது ஒண்ணும் அதுக்குக் கேக்கலையாம். அது தேடல."

"என்னப்பா சொல்றீக?"

"நான்தான் தேடுனேன். எனக்குத்தான் உன்னைய ரொம்பத் தேடுது."

வள்ளித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுசன் வாயில் அப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. போனுக்கு அந்தப் பக்கமிருந்து பானுப்பிரியா அழுகிற சத்தம் வந்தது.

"ஏம்ப்பா இம்புட்டு நாளு சொல்லல?"

அழுது ஓய்ந்து அவளே பேசினாள். "நானும் ஒண்ணு மறைச்சிட்டேம்ப்பா. தீபாவளிக்கு வர முடியாது. ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, ஆளு பத்தாம நானும்தான் நின்னு பிழியுறேன். சக்கரம் தேடுதுன்னு நீங்க சொல்லுறப்ப, வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா."

"சரி தாயி" என்றார். "அப்ப இதயும் எதுக்குக் காக்க வைக்கணும்?"

"ரொம்ப வலிக்குதாப்பா அதுக்கு?"

"வலிக்குது. நான் பாத்தும் பாக்காம இருந்துட்டேன்."

"வேணாம்ப்பா. அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அழுதாள்.

ஆரோக்கியம் அக்கா ரத்தம் எடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த ஊசியைத் திரும்ப உள்ளே வைத்தாள். அந்த மேசையில் வேண்டாம், வீட்டில் வைத்து அனுப்ப முடியுமா என்று ஊர்க்காவலன் கேட்டார். சாயங்காலம் வருவதாக டாக்டர் சொன்னார்.

சொன்னபடி ஆமத்தூருக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெயில் தணிந்திருந்தது. தொட்டியடியில் வள்ளித்தாய் தன் பழைய நூல்சேலையை மடித்துப் போட்டிருந்தாள். சக்கரம் எப்போதும்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. டாக்டர் முதலில் வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி போட்டார். அப்புறம் முன்னங்காலில் ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு, "அது உங்களத்தான் பாக்குது. எதுத்தாப்புல உக்காருங்கய்யா. முகம் தெரியணும். முடிஞ்சா கொஞ்சம் சிரிச்ச முகமா" என்றார்.

ஊர்க்காவலன் உட்கார்ந்தார். சிரித்துப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. சக்கரம் அவரைப் பார்த்தது, வால் அசையவில்லை. வள்ளித்தாய் உள்ளே போய், சாமி படத்துப் பக்கத்திலிருந்து போனை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

பானுப்பிரியா எடுத்தாள். நாயின் காதுக்குப் போகவேண்டிய போனை ஊர்க்காவலன் தன் காதிலேயே வைத்துக்கொண்டார்.

"பேசு தாயி."

"யாருகிட்டப்பா?"

"என்கிட்டத்தான். என்னமும் பேசு."

அவள் முதலில் அழுதாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். இன்றைக்குச் சேவு கொஞ்சம் கருகிவிட்டது என்றாள். பக்கத்து வீட்டு மராட்டிப் பொம்பளைக்குத் தமிழில் 'வாங்க' மட்டும் சொல்லத் தெரியும், போகும்போதும் அதையே சொல்கிறாள் என்றாள். இங்கன மழை விடவே இல்லை, துணி காய மாட்டேங்குது, உங்க மாப்பிள்ளைக்கு என் ரசம் பிடிக்கலையாம், ஆனா ரெண்டு தடவை ஊத்திக்கிடுறாக என்றாள். மகளின் ரசத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இத்தனை நாள் எல்லாம் நாயின் காதுக்கல்லவா போயிற்று. கேட்கக் கேட்க அவருக்குத் தெரியாமலே முகம் மலர்ந்தது.

சக்கரத்தின் வால் தொட்டிச் சுவரில் தட்டியது. மறுபடியும் தட்டியது. டாக்டர் மருந்தை மெதுவாக ஏற்றினார்.

"அப்பா, வாலாட்டுதா?"

"ஆட்டுதும்மா."

அது அவர் முகத்தைப் பார்த்தபடியே தலையைச் சேலைமேல் வைத்தது. வால் இன்னும் ஒருமுறை லேசாக அசைந்து நின்றது. டாக்டர் அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வள்ளித்தாய் அழுதுகொண்டே அதன் கண்ணை மூடிவிட்டாள்.

"அப்பா? இருக்கீகளா? என்னப்பா, நான் பேசிக்கிட்டே போறேன்..."

"இருக்கேன்" என்றார் ஊர்க்காவலன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நீ பேசு தாயி."